ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி நாலு வருஷம்: எடை மெஷினில் எப்போது ஏற வேண்டும், எப்போது ஏறக் கூடாது

உடம்பு எடை குறைவதற்காக இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் ஆகிறது. செய்துகொண்டது மதுரையில், இருப்பது காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் செய்யலாமா என்று யோசிப்பவர்களும் யார் என்னிடம் பேசினாலும், செலவு எவ்வளவு, வலி எப்படி என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்பது, "எத்தனை நாளைக்கு ஒருதடவை எடை பார்க்கிறீங்க?" என்பதைத்தான். பதிலைக் கேட்டால் கொஞ்சம் முழிப்பார்கள். முதல் வருஷம் வாரத்துக்கு ஒருதடவை. இரண்டாம் வருஷம் தாண்டிய பிறகு ஏறக்குறைய தினமும்.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தையல் ஆறுவதற்குள் காலை, மதியம், ராத்திரி என்று ஏறி இறங்குவார்கள். எடை நன்றாகக் குறைந்து, பழைய ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகி, ஊரே பார்த்து மூக்கில் விரல் வைத்த பிறகு மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிறகு அதை வெளியே எடுப்பது துணி மறுபடி இறுக்கிப் பிடிக்கும்போதுதான்.

முதல் வருஷம் வாரம் ஒன்று போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை, பல சமயம் அதற்கும் கொஞ்சம் கூடுதலாக, எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைக்காய் போல ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரப்பதும் அந்த வெட்டி எடுத்த பாகத்தில்தான். ஆரம்பத்தில் இரண்டு வாரம் போல நீராகாரம், அப்புறம் கூழாக மசித்தது, அப்புறம் குழைந்த சாப்பாடு. இந்த நிலையில் நீங்கள் மெஷினைப் பார்த்தாலும் எடை குறையும், பார்க்காவிட்டாலும் குறையும். முதல் ஆறு மாதம்தான் வேகம், பிறகு மெதுவாகி, பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் அடிமட்டத்துக்கு வந்து நின்றுவிடும். அந்தக் காலத்தில் தினமும் கணக்கு வைக்க வேண்டியது வேறு: தண்ணீர் வாய் வாயாகக் குடித்து முடித்தோமா, புரோட்டீன் 60 கிராமாவது உள்ளே போனதா, மாத்திரை போட்டோமா. இதெல்லாம் சரியாக நடந்தால் எடை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தவிர, முதல் மாதத்து எண் மாதிரிக் குழப்புவது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் டிரிப் தண்ணீரே உடம்பில் நின்று, வீட்டுக்கு வந்த அன்று எடை கூடுதலாகக் காட்டும். எனக்கும் காட்டியது. அயித்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, அறுத்து எடுத்துட்டு வந்தும் ஏறியிருக்கே, அளந்துதான் எடுத்தாங்களா?" என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியதாகிவிட்டது, அதுவும் வலித்தது.

அந்தத் தண்ணீர் இறங்கியதும் மளமளவென்று குறையும். அப்புறம் மூன்றாம் வாரம் வாக்கில் திடீரென்று நின்றுவிடும். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் கூட, முள் அசையாது. இது ஏறக்குறைய எல்லாருக்கும் வருவது. சாப்பாடு இல்லாத முதல் நாட்களில் உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை எடுத்துச் செலவு செய்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது, ஆரம்ப வேகத்தில் அந்தத் தண்ணீருக்கும் நல்ல பங்கு உண்டு. கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியதும் உடம்பு அந்த இருப்பைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும், வெளியே எண் நகராது. இந்த நேரத்தில் தினமும் ஏறிப் பார்ப்பவர்கள் பயந்துபோய், குடிக்கிற கொஞ்ச சூப்பையும் குறைத்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. என்னோடு அதே வாரம் ஆபரேஷன் ஆன ஒரு பெண், சின்ன வயது, தண்ணீர் குடித்தால்கூட எடை ஏறுகிறது என்று போனில் அழுதது. ஏறத்தான் செய்யும், ஒரு லிட்டர் குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு கிலோ கூடத்தானே காட்டும்! அந்தப் பெண்ணின் மெஷினை எடுத்து அவள் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், டாக்டரும் அது நல்லது என்றே சொன்னார்.

சரி, மெஷினைப் பற்றி. ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய சாதாரண கண்ணாடி டிஜிட்டல் மெஷின்தான், இன்னும் ஓடுகிறது. நாலு மூலையிலும் சின்னச் சின்ன சென்சார், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அதனால் தரை கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். எங்களுடையது பழைய வீடு. வளவு என்கிற நடு முற்றத்தில் மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கும், பட்டாலை என்கிற கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்தது எந்தக் காலத்திலோ, கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் இடம் மாற்றி வைத்தால் எடையும் மாறும். பாய், மிதியடி மேல் வைத்தால் இன்னும் மோசம். கடைசியில் பின்கட்டில் புதிதாகக் கிரானைட் போட்ட இடம் ஒன்று சரிப்பட்டது. அங்கேயே வைத்துவிட்டேன், அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

நான் பலகாரம் போட்டு விற்பவள். வியாபாரத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும், வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினுக்கு அந்த வழக்கம் கிடையாது. அதனால் அவ்வப்போது ஐந்து கிலோ மாவு மூட்டையைத் தராசில் நிறுத்துவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருதடவை, இல்லாமல் ஒருதடவை ஏறி வித்தியாசம் பார்ப்பேன். சரியாகவே இருக்கிறது. பேட்டரி தீரும் சமயத்தில் மட்டும் கன்னாபின்னாவென்று காட்டும். உண்மையைச் சொன்னால், மெஷின் அரைக் கிலோ தப்பாகக் காட்டினால்கூடக் குடி முழுகாது, தினமும் அதே அரைக் கிலோ தப்பாகக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி மெஷினோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். அங்கே போவது சாப்பிட்டுவிட்டு, சேலை கட்டிக்கொண்டு, நகை போட்டுக்கொண்டு. பட்டுச் சேலை மட்டுமே முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். நல்லவேளை, கழுத்திரு என்கிற கனமான கல்யாணத் தங்க மாலையை யாரும் அன்றாடம் போடுவதில்லை.

கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்றெல்லாம் போனில் காட்டும் மெஷினும் தங்கை வீட்டில் இருக்கிறது. அது உள்ளங்கால் வழியாக மிகச் சின்ன மின்சாரத்தை விட்டு, உடம்பு கொடுக்கும் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடிக் குறைந்தாலே கணக்கு மாறிவிடும், கால் ஈரமாக இருந்தாலும் மாறும். நமக்கோ தண்ணீர்தான் நிலையாக நிற்காத விஷயம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த வகை மெஷினில் ஏறவே கூடாது, இதை அட்டையிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருஷம் முடிகிற சமயம். பசி மெல்லத் திரும்புகிறது. வயிறு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. அடிமட்ட எடையிலிருந்து கொஞ்சம் ஏறுவது இயல்புதான், டாக்டர்களே சொல்வார்கள். ஆனால் அந்தக் கொஞ்சம் எங்கே நிற்கிறது என்பதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? இங்கேதான் நம் ஊர்ச் சாப்பாடு வேலையைக் காட்டுகிறது. நாட்டுக்கோழிக் குழம்பும் முட்டையுமாக உட்கார்ந்தால் நாலு வாயில் நிறைந்துவிடும், ஐந்தாவது வாய் தொண்டையிலேயே நிற்கும். தேன்குழலும் சீப்புச் சீடையும் அப்படி இல்லை. கடித்ததும் பொடிந்து கரைந்து இறங்கிவிடும், வயிற்றில் தங்குவதே இல்லை, ஒரு டீயோடு சாயங்காலம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கலாம், சின்ன வயிறு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. எண்ணெயும் மாவும் அப்படியே சேரும். தீபாவளிக்கு முன்னாலும் தை, மாசிக் கல்யாணக் காலத்திலும் எங்கள் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் போகும். உப்பு சரியா, மொறுமொறுப்பு சரியா என்று வாயில் போடாமல் இந்தத் தொழில் நடக்காது.

வாரம் ஒருதடவை பார்த்தால் இந்த ஏற்றம் பிடிபடுவதில்லை. ஒரே நாளுக்குள்ளேயே ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்கும் உடம்பில், வாரத்துக்கு ஒரு எண் என்பது அன்றைக்கு உப்பு அதிகமா, வயிறு போனதா, மாதவிலக்கு நெருங்குகிறதா என்பதைத்தான் சொல்லும். இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வேறு. தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன்னால், அதே நைட்டியோடு ஏறி, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து ஓரத்தில் சிவப்பு மையில். அந்தச் சிவப்பு எண்ணை மட்டும்தான் போன வாரத்துச் சிவப்பு எண்ணோடு ஒப்பிடுவது. தனித்தனி நாளைப் பார்த்து மனசைப் போட்டு உழப்புவதில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் அது நடக்காது, ஆகவே நேற்றுக்கு இன்று ஒரு கிலோ கூட என்றால் அது தண்ணீர்தான்.

என் அடிமட்டத்திலிருந்து மூன்று கிலோ வரை விட்டுவிடுகிறேன். சிவப்பு எண் அதைத் தாண்டினால் டயட்டீஷியனுக்குப் போன், அந்த வாரம் ருசி பார்க்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. அவர் இதைத் தியாகமாக நினைக்கிறார். இதுவரை ஐந்து கிலோ வரை போய்த் திரும்பியிருக்கிறது, அதற்கு மேல் போகவில்லை. எனக்குத் தெரிந்த தேவகோட்டை அண்ணன் ஒருவர், எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர், சர்க்கரை மாத்திரையே நின்றுபோனவர், இரண்டாம் வருஷத்தோடு எடை பார்ப்பதை விட்டுவிட்டார். அவருக்கு மாத்திரை திரும்ப வந்துவிட்டது. எடை பார்த்திருந்தால் வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், சர்க்கரை அதன் போக்கிலும் திரும்பலாம். ஆனால் பெல்ட் ஓட்டை மாறுகிறவரை அவருக்குத் தெரியவே இல்லை.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று உண்டு. குறைத்த எடையை நெடுநாள் காப்பாற்றியவர்களைத் தேடிச் சேர்த்து வைத்தது, பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் குறைத்தவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருதடவையாவது எடை பார்க்கிறவர்கள். பார்ப்பதால் குறைந்ததா, அக்கறை உள்ளவர்கள் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி.

தினமும் பார்ப்பது எல்லாருக்கும் ஆகாது. எண் அரைக் கிலோ கூடினால் அன்றைக்குப் பட்டினி கிடப்பவர்கள், குறைந்தால் பரிசாக ஒரு தட்டுப் பணியாரம் தின்பவர்கள், இவர்கள் செக்கப்புக்குப் போகும்போது மட்டும் பார்த்தால் போதும். வாந்தி விடாமல் எடுத்து எடை சரசரவென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும். இரண்டு நாளில் எடை எகிறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். எடை குறையக் குறைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடும் மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு அந்தக் காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோவது உபயோகம். ஆனால் பி12, இரும்பு, டி வைட்டமின் குறைவதை எந்த மெஷினும் காட்டாது, ரத்தப் பரிசோதனை ஆயுசுக்கும் உண்டு. முதல் வருஷத்தில் எனக்கு எடை அழகாக இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தெருவில் பார்த்த ஆச்சிமார் எல்லாரும், "ஏத்தா, இப்படி இளைச்சுக் கருத்துப்போயிட்டே?" என்று கேட்டார்கள். கொட்டிய முடி பிறகு வந்துவிட்டது, கேள்வி நிற்கவில்லை.

கல்யாணம், செவ்வாய்த் திருவிழா என்று வெளியே சாப்பிட்டு வந்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் மெஷின் பக்கம் போக மாட்டேன். அப்பளம், வத்தல், ஊறுகாய் உப்புக்கு நின்ற தண்ணீர் வடிய அவ்வளவு நாள் ஆகும். காலண்டரில் அந்தக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் யார் வீட்டுக் கல்யாணம் என்று எழுதிவிடுவேன். சராசரிக்கு அந்த வாரம் ஏழுக்குப் பதில் ஐந்தாலோ நாலாலோ வகுத்தால் ஆயிற்று.