சர்க்கரை நோய்க் கால் புண்: நோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவ, நேரில் கூடும் குழுவா, வாட்ஸ்அப் குழுவா?

செலவு: நேரில் கூட ஆட்டோக் கட்டணம் வேண்டும், வாட்ஸ்அப்புக்கு அது இல்லை.

காலுக்குச் சுமை: உள்ளங்காலில் புண் இருக்கும்போது ஒவ்வோர் அடியும் அதை அழுத்தி ஆறவிடாமல் தடுக்கும் என்பதால், புண் ஆறும்வரை வாட்ஸ்அப்பே ஏற்றது.

கற்பது: இதில் நேரில் கூடுவதற்கு ஈடில்லை. எம்சிஆர் செருப்பை (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவி, சிறு கல்லேனும் இருக்கிறதா என்று பார்ப்பதையும், கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைச் சோதிப்பதையும், ஏற்கெனவே கால்விரலை இழந்த ஒருவர் அருகில் அமர்ந்து செய்து காட்டும்போதுதான் கை பழகுகிறது. மறைத்து வைத்த பயமும் அப்போதுதான் வெளியே வருகிறது.

ஆபத்து: புண்ணின் படத்தைப் பார்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்பவர்கள் வாட்ஸ்அப்பில் உண்டு. சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றிய காலில் சூடு தெரியாது; தோல் வெந்துவிடலாம். வீக்கமோ துர்நாற்றமோ கண்டால் எந்தக் குழுவையும் கேட்காமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

புண் ஆறியவர்கள், அது மீண்டும் வராமல் காக்க, நேரில் கூடும் குழுவையே தேர்ந்தெடுக்கலாம்.