வெள்ளியா, வெள்ளீயமா, செம்பா?

கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் பயனுள்ள பொருளாக மாற்றலாம். அது கரைந்த பைகார்பனேட் உப்பு நீரில் ஓர் உலோகத் தகட்டை எதிர்மின்வாயாக (கேத்தோடு) வைத்து மின்சாரம் பாய்ச்சினால் என்ன வரும் என்பதைத் தகடுதான் தீர்மானிக்கிறது. பிளாட்டினமோ இரும்போ வைத்தால் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன்தான் வரும், அவற்றை விட்டுவிடலாம். போட்டி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகிய மூன்றுக்கும் இடையில்தான்.

வெள்ளியில் கார்பன் மோனாக்சைடு வருகிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி குழு எடுத்த அளவீடுகளில், செலுத்திய மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரு பொருளுக்கே போனது. உருவான மோனாக்சைடை வெள்ளி இறுகப் பிடிப்பதில்லை. வாயு தானாகவே வெளியேறுவதால் பிரித்தெடுக்கும் வேலையும் குறைவு.

வெள்ளீயம் ஃபார்மேட் தரும், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் உப்பு. அதே ஆய்வில் இதன் அளவு 88 விழுக்காடு. ஃபார்மிக் அமிலம் நமக்குப் பழக்கமானதுதான், கன்னியாகுமரியில் ரப்பர் பாலை உறைய வைப்பது அதுதானே. ஆனால் செல்லில், அதாவது மின்சாரம் பாய்ச்சும் இந்தக் கலத்தில், கிடைப்பது உப்புக் கரைசல். அதை அமிலமாக்கி, பிறகு தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டின் கொதிநிலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் வெறுமனே காய்ச்சிப் பிரிக்க முடியாது.

செம்புதான் எல்லோரையும் இழுப்பது, என்னையும் சேர்த்து. மோனாக்சைடை அது விட்டும் விடாமலும் பிடித்து வைக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு கார்பன்கள் கைகோத்து எத்திலீனும் எத்தனாலும் பிறக்கின்றன. ஆனால் ஹோரியின் சாதாரண செம்புத் தகட்டில் எத்திலீன் சுமார் 25 விழுக்காடு, மீத்தேன் 33, மீதி ஹைட்ரஜனும் இன்னும் பலவும். கரைசலில் துளியளவு இரும்போ துத்தநாகமோ கலந்திருந்தாலும் அது தகட்டில் படிந்து செம்பின் குணத்தையே கெடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கார்பனேட். ஓர் எத்திலீன் மூலக்கூறுக்கு 2 கார்பன் டை ஆக்சைடும் 12 எலக்ட்ரானும் வேண்டும். கூடவே 12 ஹைட்ராக்சைடு அயனிகள் உருவாகி, இன்னும் 6 கார்பன் டை ஆக்சைடைக் கார்பனேட்டாக விழுங்கிவிடும். எட்டுக்கு இரண்டுதான் பயன்! தகட்டுக்குப் பதில் நுண்துளை மின்வாய் வழியே வாயுவை ஊட்டி, பொட்டாசியம் கரைசலில் ஓடிய செல்லைப் பிரித்தால், வாயு நுழையும் பக்கத்து நுண்துளைகளில் வெள்ளை உப்பு பூத்துக் கிடக்கும். துளை அடைத்ததும் வாயு உள்ளே போகாது, ஹைட்ரஜன்தான் பெருகும்.

வெள்ளியிலும் இந்த இழப்பு உண்டு, ஆனால் அங்கே இரண்டுக்கு ஒன்றுதான் வீணாகும். ஜெர்மனியின் மார்ல் நகரில் சீமென்ஸும் எவோனிக்கும் 2020-ல் தொடங்கிய சோதனை ஆலையும் மோனாக்சைடு வழியைத்தான் எடுத்தது. அதை நுண்ணுயிரிகளுக்கு ஊட்டி பியூட்டனாலும் ஹெக்சனாலும் எடுப்பது அங்கே திட்டமாக இருந்தது.

இன்று ஓர் ஆலை போடச் சொன்னால் நான் வெள்ளியில்தான் தொடங்குவேன். எத்திலீன்தான் வேண்டுமென்றால், அந்த மோனாக்சைடை இரண்டாவது செல்லில் செம்புக்குக் கொடுப்பேன். மோனாக்சைடு ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கார்பனேட் ஆவதில்லை. அங்கே செம்புக்குத் தன் வேலையை மட்டும் பார்க்க இடம் கிடைக்கும்.