வயலினுக்கு ஓர் உலோக மியூட்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். தினமும் ஐந்தாறு வகுப்பு கத்திவிட்டு வந்தால் தொண்டையில் எதுவும் மிச்சம் இருக்காது, அதனால் பாட்டை எப்போதோ ஓரங்கட்டியாயிற்று, கைவசம் இருப்பது வயலின் மட்டும்தான். அதை எடுக்க நேரம் கிடைப்பதோ விடைத்தாள் கட்டை மூடிவைத்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் வாசித்தால் பக்கத்து வீட்டில் சும்மா இருப்பார்களா? இரண்டு வருடம் வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அப்புறம்தான் இந்த மியூட், அதாவது வயலினில் மாட்டி ஒலியைக் குறைக்கிற சின்னச் சாமான். இதில் இரண்டு வகை உண்டு, தெரியாமல் முதலில் தப்பானதை வாங்கினேன். இசைக்குழுக்களில் மாட்டுகிற சின்ன ரப்பர் மியூட் நாதத்தைக் கொஞ்சம் மிருதுவாக்கும், அவ்வளவுதான், அடுத்த அறையில் நன்றாகவே கேட்கும். நமக்கு வேண்டியது பயிற்சி மியூட், ரப்பர் பூசிய கனமான உலோகம். தந்தியின் அதிர்வு குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்ன மரத்துண்டு, வழியாகத்தான் வயலினின் மேல்பலகைக்குப் போகிறது. மியூட்டை மாட்டுவதும் இதன் மேல்தான். குதிரையின் எடை சுமார் 2 கிராம்தான், அதன் தலையில் பல மடங்கு கனமான ஒன்றை உட்கார வைத்தால் அது எப்படி ஆடும்? சத்தம் நிஜமாகவே அடங்கிவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டால் அடுத்த அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுப்பதில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். இந்தச் சாமான் நம்மை ஏமாற்றும். எல்லாவற்றையும் சமமாகக் குறைக்காமல், உயர்ந்த அதிர்வெண்களைத்தான் அதிகமாக அமுக்குகிறது, வில் தந்தியில் உரசுகிற கரகரப்பு இருப்பதும் அங்கேதான். மூன்று வாரம் தினமும் இரவில் வாசித்துவிட்டு, அடடா, வில் பிடி நமக்கு வசமாகிவிட்டதே என்று பூரித்துப்போய் ஒரு ஞாயிறு மதியம் மியூட்டைக் கழற்றினால், எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு சத்தம். ஒலி போதவில்லை என்று என்னை அறியாமலே வில்லை அழுத்தி அழுத்திப் பழகியிருக்கிறேன். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைத்த விடைத்தாள் மாதிரிதான் இது, பையன் எங்கே கோட்டைவிட்டான் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டேன். இரவில் மியூட்டோடு விரல் வேலை மட்டும்: சுருதி சுத்தம், கை இடம் மாறுவது, மறந்துபோனதை மனப்பாடம் செய்வது. சுருதி விஷயத்தில் மியூட் அவ்வளவாக ஏமாற்றாது. வில்லுக்கான பயிற்சி, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீளமாக இழுப்பது, விடுமுறைப் பகலில் மியூட் இல்லாமல்தான். திருத்த வேண்டிய தாள்கள் குவிகிற வாரங்களில் இரவுப் பங்கு பத்து நிமிடமாகச் சுருங்கும், பரவாயில்லை, பெட்டி திறக்கிறதே.

இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் பாதியாக மாட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன், பொத்தென்று விழுந்து வார்னிஷில் ஒரு வடு, இன்னும் இருக்கிறது. நேராகக் கடைசிவரை அழுத்தி மாட்ட வேண்டும், ஆனால் தந்தியைத் தொடக்கூடாது, தொட்டால் ர்ர்ர் என்று இரையும். கழற்றும்போது குதிரையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் மாட்டிக் கழற்றியதில் என் வயலினின் குதிரை மெல்லச் சாய ஆரம்பித்திருந்தது, நல்லவேளை கண்ணில் பட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வெறும் உலோகத்தில் வருவதை வேண்டாம் என்பேன், ரப்பர் பூச்சு உள்ளதையே பாருங்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வயோலாவுக்கான மியூட்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், வாங்குமுன் உறையில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.