137 அங்குல ட்ராக்குக்கு எத்தனை ஸ்டட்? சில சீசன் ஓடியபின் தெரிவது

வட மின்னசோட்டா (அமெரிக்கா) டிரெயில்களில் அதிகம் கண்ணில் படுவது 15 அங்குல அகலம், 137 அங்குல நீளம், 1.25 அங்குல லக் (வெளிப்பக்கம் நீட்டும் ரப்பர் மேடு) உள்ள ஸ்னோமொபைல் ட்ராக், அதாவது பனியில் ஓடும் வண்டியின் அடியில் சுழலும் ரப்பர் பட்டை. புதுப் பனியில் அதற்கு ஸ்டட், அதாவது ஐஸில் பிடி கிடைக்க ட்ராக்கில் அடிக்கும் கூர்முனை ஆணி, தேவையே இல்லை. உறைந்த ஏரியிலும், மார்ச் மாதத்தில் பகலில் உருகி ராத்திரி இறுகிக் கண்ணாடியாய்க் கிடக்கும் திருப்பங்களிலும்தான் வெறும் ரப்பர் கைவிட்டுவிடும்.

"ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு ஸ்டட்" என்ற பழைய கணக்கை மறந்துவிடலாம். முதலில் ட்ராக்கின் பிட்சை, அதாவது லக் வரிசைகளுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள். 2.86 அங்குலப் பிட்ச் என்றால் 48 வரிசை. வரிசைக்கு இரண்டு அடித்தால் 96, மூன்று அடித்தால் 144. 2.52 பிட்சில் 54 வரிசை வரும், அதற்கு 108 சரியாக உட்காரும். 96 ஸ்டட் உள்ள பெட்டிதான் கையில் இருக்கிறது என்று அதில் அடித்தால் 12 இடம் காலியாக நிற்கும். சாதாரண டிரெயில் ஓட்டத்துக்கு வரிசைக்கு இரண்டு, அதுவும் நடுப் பெல்ட்டில் (ட்ராக்கின் நீளவாக்கில் ஓடும் பட்டைகளில் நடுவில் உள்ளது) மட்டும், போதும். ஓரப் பெல்ட்டுகளில் அடித்தால் பின்பக்கம் வழுக்காது என்பது உண்மைதான். ஆனால் வண்டி திரும்புவதற்கும் அடம்பிடிக்கும். உள்ளே ஒரே துணி அடுக்கு உள்ள ஒற்றை அடுக்கு ட்ராக்கில் ஓரத்தைத் தொடவே வேண்டாம், பிய்த்துக்கொண்டு வரும்.

நீளத்தில் பேராசை கூடாது. ஸ்டட் முனை லக்குக்கு மேல் அதிகபட்சம் 3/8 அங்குலம் நீட்டினால் போதும், 1.25 லக்குக்கு 1.575 என்று விற்பதை வாங்குங்கள். அதற்கு மேல் போனால் முனை வளையும், பனிக்கட்டியில் மாட்டி ட்ராக்கையே கிழிக்கும்.

துளை போடுமுன் டெம்ப்ளேட் வைத்துக் குறியிடுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் ஸ்டட்டுகள் ஒரே நேர்கோட்டில் வந்தால், முன்னது கீறிய பள்ளத்திலேயே பின்னது ஓடும், பிடி கிடைக்காது. ஒவ்வொன்றும் தனிக் கீறல் போட வேண்டும். சறுக்குத் தண்டவாளமும் உள் சக்கரங்களும் ஓடும் தடத்தில் ஒன்றுகூட வரக்கூடாது.

ஸ்டட்டின் தலை ட்ராக்கின் உட்பக்கம். பேக்கர் பிளேட்டும் (நட்டுக்கு அடியில் வைக்கும் தகடு) நட்டும் வெளிப்பக்கம். தலை ரப்பரோடு சமமாகப் படிந்ததும் நிறுத்துங்கள். ரப்பர் குழிந்து சுற்றிலும் பிதுங்கினால் உள்ளே நூலிழை அறுபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தளர்வாக விட்டாலோ ஸ்டட் ஆடி ஆடித் துளை முட்டை வடிவாகிவிடும். முதல் 100 மைலுக்குள் ஒருமுறை எல்லா நட்டையும் சரிபார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான்.

பலர் கோட்டை விடுவது முன்பக்கத்தில். பின்னால் 96 அடித்துவிட்டு ஸ்கீயில் தேய்ந்த கார்பைடு ரன்னரை (ஸ்கீயின் அடியில் ஐஸைப் பிடிக்கும் கடின உலோக முனை உள்ள கம்பி) அப்படியே விட்டால், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஸ்டட் கூடக் கூட கார்பைடின் நீளமும் கூட வேண்டும். பட்ஜெட் குறைவென்றால் ஸ்டட்டைக் குறைத்துக் கார்பைடு வாங்குவதே புத்திசாலித்தனம்.

டனல் ப்ரொடெக்டர், அதாவது ட்ராக்குக்கு மேலே உள்ள உலோகக் கூடான டனலை ஸ்டட்டிலிருந்து காக்கும் பட்டை, இல்லாமல் ஓட்டவே கூடாது. ட்ராக் தளர்ந்து மேலே அடித்தால் ஸ்டட் முனை டனலில் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை (எஞ்சின் கூலன்ட்டைக் குளிர்விக்கும் பாகம்) குத்தும். கூலன்ட் ஒழுகி எஞ்சின் சூடேறும்போதுதான் தெரியவரும். அதனால் ட்ராக்கின் இறுக்கத்தைக் கையேட்டில் உள்ள அளவிலிருந்து தளர விடாதீர்கள். ரோடு கடக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் மெல்ல உருட்டுங்கள். தாரில் சுழன்றால் கார்பைடு முனை உடைந்து தெறிக்கும். தார் போட்ட பொது டிரெயில்களில் உலோக ஸ்டட் மின்னசோட்டாவில் சட்டப்படியும் தடை.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு காம்ஸோவின் ஐஸ் ரிப்பர் எக்ஸ்டி மாதிரி, லக்கிலேயே சிறு கார்பைடு முனை பதித்து வரும் ட்ராக் இருக்கிறது. எப்போதாவது ஐஸ் தட்டுப்படும் டிரெயிலுக்கு அது தாராளம். ஏரியில் வேகமாகப் போய் நிறுத்த வேண்டியவர்களுக்கு அந்தச் சின்ன முனை போதாது.