இலட்சியமா, குறிக்கோளா? ஒரு விண்ணப்ப வாக்கியத்தின் கதை

பாம்பன் பக்கத்துக் கடலோரச் சிற்றூரான சின்னப்பாலத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் கல்லூரி விண்ணப்பத்தோடு என்னிடம் வந்திருந்தாள். கடலியல் படிக்க ஆசை. எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: "கடல்வளம் குறித்த அறிவைப் பெருக்கிக்கொண்டு, உயர்ந்த நிலையை அடைந்து, சமுதாயத்திற்குச் சேவை செய்வதே என் வாழ்வின் இலட்சியம்." பிழை எதுவும் இல்லை. ஆனால் கடலூர்ப் பெண்ணும் நாகப்பட்டினத்துப் பையனும் இதையே எழுதிவிடலாம்.

முதலில் பெயர்ச்சொல். இலட்சியம் ஒரு வாழ்நாளைக் கேட்கிற சொல். மூன்றாண்டுப் படிப்புக்கு அது கனம் அதிகம். இலக்கு என்றால் எட்டினோமா இல்லையா என்று கணக்குப் பார்க்க முடிய வேண்டும். "முதுகலை முடிப்பது என் இலக்கு" என்றால் சரி, "சேவை செய்வது என் இலக்கு" ஒட்டாது. நோக்கம் ஒரு செயலுக்குப் பின்னால் இருக்கும் காரணம். எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்கும் இடத்தில் அது வரலாம். கனவு வேண்டவே வேண்டாம். குறிக்கோளில் திசையும் முயற்சியும் சேர்ந்தே இருப்பதால் என் ஓட்டு அதற்குத்தான்.

உண்மையில் வாக்கியத்தின் உயிர் வினையில் இருக்கிறது. "அறிவைப் பெருக்கிக்கொண்டு" என்பதில் எதையும் பார்க்க முடியவில்லை. "கற்று" என்றால் ஆசிரியர் எதிரே தெரிகிறார். "பயின்று" என்றால் கை பழகுகிறது. "ஆராய்ந்து" என்றால் உள்ளே ஒரு கேள்வி இருந்தாக வேண்டும்.

"உன்னிடம் என்ன கேள்வி இருக்கிறது?" என்றேன்.

அவள் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குவார். உணவைக் கெட்டியாக்கும் அகர் செய்ய மரிக்கொழுந்துப் பாசி, அதுபோன்ற இன்னொரு பொருளான ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரைப் பாசி என்று அந்தப் பெண் தடையில்லாமல் சொன்னாள். "அம்மா எடுத்த இடத்தில் மரிக்கொழுந்து திரும்ப வளர எத்தனை நாள் ஆகும் அக்கா?" என்று கேட்டாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் கரையில் அது சின்னக் கேள்வி அல்ல. "உயர்ந்த நிலை" அப்போதே அடிபட்டுப் போனது. "சமுதாயம்" இருந்த இடத்தில் பாசி எடுக்கும் பெண்கள் வந்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது: "மரிக்கொழுந்துப் பாசி பறித்த இடத்தில் மறுபடி வளர எத்தனை நாள் ஆகிறது என்பதை ஆராய்ந்து, அதைப் பாசி எடுக்கும் பெண்களிடம் கொண்டுசேர்ப்பதே என் குறிக்கோள்."

வாசித்தவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். "எங்கள் வீட்டில் பறிப்பது என்று சொல்வதில்லை அக்கா" என்று சொல்லி, "பறித்த" என்பதை அடித்துவிட்டு "எடுத்த" என்று எழுதினாள்.