லூவர் பிளேடு: ஜி.ஐ.யா, அலுமினியமா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷெட் போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: காற்றோட்டத்துக்காகத் திறந்து மூடும் லூவருக்கு (சாய்ந்த பட்டைகள் கொண்ட ஜன்னல்) எந்த பிளேடு, அதாவது பட்டை?

விலை: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மலிவு. அலுமினியம் கூடுதல்.

எடை: அலுமினியம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கைப்பிடி லேசாகத் திரும்பும்.

உழைப்பு: இங்கேதான் விஷயம். தோலில் போடும் உப்பின் ஈரம் ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். வெட்டிய ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். அலுமினியம் உப்புக்கு ஓரளவு தாங்கும், சுண்ணாம்புக்குத் தாங்காது. அப்புறம், பிளேடு திரும்பும் இரும்புத் தண்டை நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்; நடுவில் நைலான் புஷ் (சிறு வளையம்) வேண்டும்.

காய்ந்த குடோனுக்கு ஜி.ஐ. போதும். உப்புத் தோல் அடுக்கும் இடத்துக்கு அலுமினியம். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி பக்கத்தில் என்றால் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பெயின்ட்) இல்லாமல் அலுமினியம் வாங்காதீர்கள்.