மளிகை பீன்ஸா, விதைப் பாக்கெட்டா?

சமையலுக்கு வாங்கிய ராஜ்மாவில் ஒரு பிடி எடுத்து மண்ணில் போட்டால் முளைக்குமா? பெரும்பாலும் முளைக்கும். காய்ந்த பீன்ஸ் விதைதானே. உடைத்த பருப்பும், வேகவைத்து டின்னில் அடைத்ததும்தான் ஆகாது. அதனால் முளைப்பதை மட்டும் வைத்து மளிகை பீன்ஸையும் விதைப் பாக்கெட்டையும் ஒப்பிட வேண்டியதில்லை. பச்சைக் காயாகப் பறிக்கப் போகிறீர்களா, முற்றவிட்டுப் பயறாக எடுக்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

பச்சைக் காய்தான் வேண்டுமென்றால் பாக்கெட்டை வாங்குங்கள். ராஜ்மாவும் நாம் பொரியல் செய்யும் பீன்ஸும் தாவர இனத்தில் ஒன்றுதான். ஆனால் காய்க்காக வளர்க்கும் ரகங்களைச் சதைப்பற்றுக்காகவும் நார் இல்லாமைக்காகவும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பயறு ரகங்களில் யாரும் காயின் தோலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவற்றின் காயையும் பிஞ்சாகப் பறித்துச் சமைக்கலாம். ஆனால் இரண்டு நாள் தாமதித்தாலே நார் ஓடி, மென்றால் சக்கைதான் வரும்.

பயறுக்காக என்றால் மளிகை பீன்ஸ் நல்ல தேர்வு. பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அதனால் போட்ட விதை எதுவோ அதுவேதான் விளையும். கலப்பினத் தக்காளியில் விதை எடுத்து ஏமாறும் கதை இங்கே இல்லை. ஒரு பாக்கெட்டில் வரும் விதையைப் போலப் பல மடங்கு, ஒரு சமையல் பொட்டலத்தில் கிடைக்கும். பயறு எடுக்க நிறையச் செடி வேண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பொட்டலத்தில் ரகத்தின் பெயர் இருக்காது. குத்துச் செடியா கொடியா என்பதே முளைத்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் நாலு குச்சியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கும் அப்படித்தான். குத்து பீன்ஸ் பாக்கெட்டில் 50 முதல் 60 நாளில் காய் என்று போட்டிருக்கும். பயறு முற்றிக் காய 90 நாள், 100 நாள்கூட ஆகும். வெயில் காலம் குறுகிய இடமானால் மழையோ பனியோ முந்திக்கொள்ளும். வெப்ப மண்டலத்திலிருந்து வந்த சில ரகங்கள் நீண்ட பகல் உள்ள இடத்தில் பூக்கவே மறுக்கும். செடி மட்டும் செழிப்பாக நிற்கும்.

சரி, முளைப்புக்கு வருவோம். மளிகை பீன்ஸ் எந்த ஆண்டு அறுவடை என்பது யாருக்கும் தெரியாது. அறுவடைக்கு முன் செடியைக் காய வைக்கக் களைக்கொல்லி அடித்திருந்தாலும், இயந்திரத்தில் அடிபட்டிருந்தாலும் முளைப்பு குறையும். அடிபட்ட விதை சில சமயம் முளைத்தும் ஏமாற்றும். இரண்டு பருத்த வித்திலைகள் மண்ணைப் பிளந்து வரும். நடுவில் இருக்க வேண்டிய குருத்து இருக்காது. அந்த மொட்டைக் கன்று தேறுவது கஷ்டம்.

சுருக்கமும் விரிசலும் இல்லாத 10 விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி, கதகதப்பான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். எட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். ஐந்து என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் மிச்சத்தைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாக்கெட் விதையில் மிஞ்சியதை அப்படிச் சமைக்கக் கூடாது. இளஞ்சிவப்பு போன்ற நிறம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம்.

என்னைத் தயங்க வைப்பது நோய்தான். தேமல் வைரஸ், பாக்டீரியக் கருகல், ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் மூன்றுமே விதை வழியாக வரக்கூடியவை. விதைக்காக வளர்க்கும் பயிரை நோய்க்குச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ போன்ற வறண்ட பகுதிகளில் விதை பீன்ஸ் விளைவிப்பதற்கும் ஈரத்தில் பரவும் நோய்கள் அங்கே குறைவு என்பதே முக்கியக் காரணம். சமையல் பீன்ஸுக்கு இப்படி எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை. பார்க்க வழவழவென்று இருக்கும் விதைக்குள்ளும் வைரஸ் இருக்கலாம். ஏற்கெனவே நல்ல பீன்ஸ் வரிசை வைத்திருப்பவர் மளிகை விதையை அதன் அருகில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெறும் நிலத்துக்குத் தழை உரமாகவோ, குழந்தைகள் தொட்டியில் போட்டுப் பார்க்கவோ என்றால் தாராளமாகப் போடலாம். குழந்தைகள் ராஜ்மாவைப் பச்சையாக வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து விதையே வாந்தி வரவழைக்கப் போதும்.

மளிகை விதையில் வந்த செடிகள் நன்றாக நின்றால், அடுத்த முறைக்கு அவற்றிலிருந்தே விதை எடுக்கலாம். இலை சுருங்கித் தேமல் விழுந்த செடி எத்தனை காய் காய்த்திருந்தாலும் அதில் விதை எடுக்காதீர்கள். கண்ட உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.